பெயர் அழிந்த சட்டகத்தின் சாட்சி: பழைய பிரெஞ்சு மிதிவண்டிகளை அடையாளம் காணும் முறை

பழைய மிதிவண்டியின் உறுப்புகளில் நெடுங்காலம் மாறாமல் எஞ்சுவது பெரும்பாலும் அதன் சட்டகம் மட்டுமே. டயரும் செயினும் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகின்றன; இருக்கை கிழிகிறது; சக்கரமும் பிரேக்கும் ஒவ்வோர் உரிமையாளரின் வசதிக்கேற்ப மாற்றப்படுகின்றன. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஆக்கிய சட்டகமோ துருவுக்கு இரையாகாமல் காக்கப்பட்டால் முக்கால் நூற்றாண்டு கடந்தும் ஓடத்தக்க நிலையில் இருக்கிறது. ஆனால் அந்நிலையில் அது பெயரை இழந்திருப்பதே வழக்கம். தலைக்குழாயில் பொருத்தியிருந்த உலோக முத்திரை கழன்றிருக்கும், குழாய்களில் ஒட்டிய எழுத்துகள் உதிர்ந்திருக்கும், இரண்டு மூன்று முறை பூசப்பட்ட வண்ணங்களின் அடியில் முதல் வண்ணம் மறைந்திருக்கும். இவ்வாறு பெயரற்றுக் கிடைக்கும் சட்டகம் எந்த நாட்டில், ஏறத்தாழ எக்காலத்தில், எவ்வகைப் பயணத்திற்காக ஆக்கப்பட்டது என்று கண்டறிவது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அத்துறையில் பிரெஞ்சுச் சட்டகங்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. ஏனெனில் பிரான்சு ஏறத்தாழ 1980கள் வரை தனக்கென ஓர் அளவு முறையைக் கைவிடாமல் வைத்திருந்தது, அந்த அளவுகளை எந்த வண்ணப்பூச்சும் மறைக்க முடியாது.

அடையாளம் காண முற்படுவோர் பலரும் முதலில் பெயரையும் உருவத்தையும் தேடுகின்றனர். அனுபவமுள்ளவர்கள் எதிர்த்திசையில் செல்கின்றனர்: முதலில் அளவு, அடுத்துப் பற்றவைப்பு வேலைப்பாடு, அதன்பின் சட்டகத்தின் நோக்கம், கடைசியில் பெயர். இவ்வரிசையைப் பின்பற்றினால் பெயர் கிடைக்காமற் போனாலும் சட்டகத்தைப் பற்றிய பெரும்பகுதி உண்மை கைக்கு வந்துவிடும் என்பதே இம்முறையின் வலிமை.

பிரான்சின் தனி அளவு

மெட்ரிக் முறை பிறந்த நாடு பிரான்சு. அந்நாட்டு மிதிவண்டித் தொழில் கிழக்கே பெஜோ நிறுவனத்தின் ஆலைகளிலும், துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சான்-எத்தியேன் நகரிலும், பாரிசைச் சூழ்ந்த லெவல்வா-பெரே, பான்தேன் போன்ற புறநகர்களிலும் வளர்ந்தபோது, குழாயின் குறுக்களவு முதல் மரையின் இடைவெளி வரை அனைத்தும் மில்லிமீட்டரில் வகுக்கப்பட்டன. அதே காலத்தில் பர்மிங்காம், நாட்டிங்காம் நகரங்களின் தொழில் அங்குலத்தில் இயங்கியது. பிரிட்டிஷ் ஏற்றுமதியும் பிரிட்டிஷ் கூட்டுறவும் சென்ற இடமெல்லாம் அங்குல அளவு சென்றது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் இதற்கு அருகிலுள்ள சான்று. எனவே தமிழ்நாட்டுச் சைக்கிள் கடையின் கருவிப்பெட்டிக்குப் பழக்கமான மரையும் கிண்ணமும் பழைய பிரெஞ்சுச் சட்டகத்தில் பொருந்தாமற் போவது இயல்பு. பொருந்தாத அந்த இடமே அடையாளத்தின் முதல் நுழைவாயிலாகிறது.

மிதியச்சுக் கூடு: முதல் சாட்சி

இருபுற மிதிகளையும் தாங்கும் அச்சு, சட்டகத்தின் அடியில் குறுக்காக அமைந்த குட்டையான குழாயொன்றின் வழியே செல்கிறது. பட்டறைகளில் சுருக்கமாகப் பி.பி. என்று வழங்கும் இந்தக் கூட்டின் இரு முனைகளிலும் உட்புறம் மரை வெட்டப்பட்டிருக்கும். குண்டுகள் உருளும் கிண்ணங்கள் அம்மரையில் திருகப்படும். பிரெஞ்சு முறையில் இம்மரையின் குறுக்களவு 35 மில்லிமீட்டர், மரை இடைவெளி, அதாவது ஒரு புரியிலிருந்து அடுத்த புரி வரையுள்ள தொலைவு, சரியாக 1 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் குறுக்களவு 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மில்லிமீட்டர், அங்குலத்திற்கு 24 புரிகள் என்பதால் இடைவெளி 1.058 மில்லிமீட்டர். இத்தாலிய முறையோ 36 மில்லிமீட்டர் குறுக்களவையும் அங்குலத்திற்கு 24 புரிகளையும் கலந்து வைத்திருக்கிறது. அதன் கூடும் மற்றவற்றின் 68 மில்லிமீட்டருக்கு மாறாக 70 மில்லிமீட்டர் அகலம் கொண்டது.

பிரெஞ்சு, பிரிட்டிஷ் குறுக்களவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு 0.2 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் கண்ணால் பார்த்து எதையும் தீர்மானிக்க இயலாது. ஆனால் மரை அளவியை வைத்துப் பார்த்தாலோ, பத்துப் புரிகளின் மொத்த நீளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தாலோ வேறுபாடு தெளிவாகிவிடும்: பிரெஞ்சு மரையில் அந்நீளம் 10 மில்லிமீட்டராகவும் பிரிட்டிஷ் மரையில் 10.6 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாகவும் இருக்கும். இந்த அளவீட்டைச் செய்யாமல் பழக்கமான கிண்ணத்தை எடுத்து முடுக்குவோர் முதல் சில புரிகள் ஏறிவிடுவதைக் கண்டு ஏமாந்து, மேலும் விசை கொடுத்து மரையையே அழித்துவிடுகின்றனர். அத்துடன் சட்டகத்தின் மிக உறுதியான சாட்சியும் அழிந்துபோகிறது.

மரையின் திசை இதற்கு அடுத்த சாட்சி. பிரெஞ்சு, இத்தாலிய முறைகளில் இருபுறமும் வலமரை. பிரிட்டிஷ் முறையில் செயின் இருக்கும் வலப்புறத்தில் இடமரை. இதற்கு ஓர் இயந்திரவியல் காரணம் உண்டு. அச்சு சுழலும்போது குண்டுகளின் உருளலால் கிண்ணத்தின் மீது எதிர்த்திசையில் மெல்லிய திருப்புவிசை ஒன்று தொடர்ந்து செயற்படுகிறது. வலப்பக்கக் கிண்ணத்தில் வலமரை இருந்தால் அவ்விசை கிண்ணத்தைக் கழற்றும் போக்குடையது, இடமரை இருந்தால் இறுக்கும் போக்குடையது. ஆகவே பிரெஞ்சு வண்டிகளில் வலப்பக்கக் கிண்ணத்தை மிகுந்த விசையுடன் இறுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு இறுக்கியும் அது தளர்ந்துபோவது பழைய பிரெஞ்சு வண்டிகளின் அறியப்பட்ட குறையாக இருந்தது. இக்குறைக்குத் தீர்வாகப் பிரெஞ்சு அளவையே வைத்துக்கொண்டு வலப்புறத்தில் மட்டும் இடமரை வெட்டிய முறையைச் சுவிஸ் முறை என்பர். 1970களின் பிற்பகுதியில் மோட்டோபெகான் நிறுவனம் தன் வண்டிகள் பலவற்றில் இதைக் கையாண்டது. எனவே 35 மில்லிமீட்டர் குறுக்களவும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட கூட்டில் வலப்புறம் இடமரை காணப்பட்டால், சுவிஸ் நாட்டுத் தயாரிப்பு என்ற ஊகத்தோடு மோட்டோபெகான் என்ற ஊகத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

குழாய்களின் கணக்கு

சட்டகத்தின் முன்பகுதி மூன்று முதன்மைக் குழாய்களால் ஆனது: தலைக்குழாயையும் இருக்கைக் குழாயையும் இணைக்கும் மேற்குழாய், தலைக்குழாயிலிருந்து மிதியச்சுக் கூட்டிற்கு இறங்கும் சாய்குழாய், கூட்டிலிருந்து நிமிர்ந்து சீட் பில்லரை ஏற்கும் இருக்கைக் குழாய். பிரெஞ்சு முறையில் மேற்குழாயின் வெளிக் குறுக்களவு 26 மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 28 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் இவை முறையே 25.4, 28.6, 28.6 மில்லிமீட்டர் ஆகும். வண்ணப்பூச்சின் தடிப்பே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பகுதிகளைக் கூட்டிக் காட்டும் என்பதால், பூச்சு உதிர்ந்து உலோகம் தெரியும் இடங்களிலோ ஒவ்வொரு குழாயிலும் பல இடங்களிலோ அளந்து ஒப்பிடுவது தேவை. மேற்குழாய் பிரிட்டிஷ் அளவைவிடப் பருத்தும் சாய்குழாய் மெலிந்தும் காணப்படுவது பிரெஞ்சுச் சட்டகத்தின் கையெழுத்து எனலாம்.

முன் ஃபோர்க்கின் தண்டு இக்கணக்கை உறுதிப்படுத்தும். பிரெஞ்சுத் தண்டின் மரை 25 மில்லிமீட்டர் குறுக்களவும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. பிரிட்டிஷ் தண்டில் 25.4 மில்லிமீட்டரும் அங்குலத்திற்கு 24 புரிகளும். தண்டின் உள்ளே இறங்கும் ஹேண்டில் பார் தண்டும் பிரெஞ்சு வண்டியில் 22.0 மில்லிமீட்டர், பிறவற்றில் 22.2 மில்லிமீட்டர். ஆகவே பிற நாட்டு ஹேண்டில் பார் தண்டொன்று இறங்க மறுத்தால் அதைத் துரு என்று கருதித் தட்டி இறக்குவதற்கு முன் அளவைப் பார்ப்பது நல்லது. கிராங் கைகளும் கூடவே கிடைத்திருந்தால் மிதிகளின் மரையையும் அளக்கலாம். பழைய பிரெஞ்சு மிதிக்கு 14 மில்லிமீட்டர் குறுக்களவும் 1.25 மில்லிமீட்டர் இடைவெளியும் உண்டு.

சீட் பில்லரின் குறுக்களவு, குழாயின் தரத்தைக் காட்டும் ஒரு மறைமுகச் சான்று. இருக்கைக் குழாயின் வெளிக் குறுக்களவு எல்லாப் பிரெஞ்சுச் சட்டகங்களிலும் 28 மில்லிமீட்டராகவே இருக்க, சுவர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பருத்த பில்லர் உள்ளே இறங்கும். 26.2 முதல் 26.6 மில்லிமீட்டர் வரையுள்ள பில்லரை ஏற்கும் பிரெஞ்சுச் சட்டகம் உயர்தரமான மெல்லிய குழாய்களால் ஆனது என்று கொள்ளலாம். 25 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் தடித்த சாதாரணக் குழாய். உயர்தரக் குழாய்களில் புகழ்பெற்றது 1935இல் அறிமுகமான ரெய்னால்ட்ஸ் 531. இது பர்மிங்காமில் உருவான பிரிட்டிஷ் எஃகுக் குழாய். அதை ஆக்கிய நிறுவனம், அம்பத்தூர் ஆலையின் கூட்டாளியான அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சுச் சந்தைக்கென மெட்ரிக் குறுக்களவிலும் அக்குழாய் தயாரிக்கப்பட்டதால், 531 என்ற ஒட்டெழுத்து இருப்பது மட்டும் சட்டகத்தைப் பிரிட்டிஷ் ஆக்கிவிடாது. வீட்டுஸ், துரிஃபோர் ஆகிய பெயர்கள் காணப்பட்டால் அவை பிரான்சிலேயே ஆக்கப்பட்ட குழாய்களைக் குறிக்கும்.

இணைப்பும் அச்சுத் தகடும்

இரு குழாய்கள் சந்திக்கும் இடத்தில் அவற்றை ஏற்கும் உலோக உறைக்கு லக் என்று பெயர். குழாய் முனைகளை உறைக்குள் செருகி, எஃகு உருகாத வெப்பத்தில் பித்தளையை உருக்கி இடைவெளியில் ஓடவிடும் பற்றவைப்பு முறையால் சட்டகம் உருவாகிறது. லக்கின் விளிம்பு வடிவம் ஆக்கியவரின் ரசனையைக் காட்டும். நெர்வெக்ஸ், போகாமா ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் அழகிய விளிம்புகளுடன் லக்குகளை வார்த்தும் அழுத்தியும் விற்றன. ஆனால் சுருள்சுருளான விளிம்புகளைக் கொண்ட நெர்வெக்ஸ் புரொஃபெஷனல் வகையைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த சட்டகக் கலைஞர்கள் விரும்பி வாங்கிப் பயன்படுத்தினர் என்பதால், லக்கை மட்டும் நம்பி நாட்டை முடிவுசெய்வது பிழையில் முடியும். குழாயளவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது சாட்சியாகிறது.

பின் சக்கரத்தின் அச்சு அமரும் பிளவுள்ள தகடுகள் இதைவிடத் தெளிவாகப் பேசும். செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளி மாற்றும் டெரெய்லர் என்ற கருவி வலப்பக்கத் தகட்டில் தொங்குகிறது. அது தொங்கும் துளை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வேறுபட்டது. திஜோன் நகரில் லூசியேன் ஜுய் 1928இல் தொடங்கிய சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் தகட்டில் அத்துளை மரையின்றி வழுவழுப்பாக இருக்கும். ஊரே என்னும் நிறுவனத்தின் தகடும் இத்தாலியின் கம்பானியோலோ தகடும் மரையுள்ள துளையும், டெரெய்லர் சாய்ந்து நிற்பதற்கான தடுப்பும் கொண்டவை. அத்தடுப்பு அமையும் இடத்தால் அவை தம்முள் வேறுபடும். பெரும்பாலான தகடுகளில் தயாரிப்பாளரின் பெயரே அழுத்தப்பட்டிருக்கும் என்பதால் வண்ணத்தை மெல்லச் சுரண்டிப் பார்ப்பது பயன் தரும்.

தொங்கு துளையே இல்லாத சட்டகம் அதனினும் முந்திய காலத்தைச் சுட்டக்கூடும். 1930களிலும் 1940களிலும் டெரெய்லர்கள் பலவும் தகட்டில் தொங்காமல், மிதியச்சுக் கூட்டிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் கீழ்த் தாங்குகுழாயின் மீது பற்றவைத்த தாங்கிகளில் பொருத்தப்பட்டன. சான்-எத்தியேனின் சிக்லோ, சிம்ப்ளெக்ஸின் தொடக்ககால வகைகள், ஆஸ்கர் எக்கின் சூப்பர் சாம்பியன் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தாங்கியின் இடமும் வடிவமும் வேறு. பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற போட்டியான தூர் த ஃபிரான்சில் டெரெய்லர்கள் 1937இல் அனுமதிக்கப்பட்டன. ஆனால் போல் த விவி என்பவர் வெலோசியோ என்ற புனைபெயரில் 1887 முதல் நடத்திய ல சிக்லிஸ்த் இதழின் வழியே பல பற்சக்கரங்களுக்கிடையே மாற்றும் வசதியின் தேவையை நெடுங்காலம் வலியுறுத்தியதால், சுற்றுலா வண்டிகளில் அவை பல ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுவிட்டன. ஆகவே கீழ்த் தாங்குகுழாயில் புரியாத ஒரு சிறு புடைப்புக் காணப்பட்டால் அதை அறுத்தெறிந்து வழவழப்பாக்குவது, ஆவணத்தின் தேதியைக் கிழித்தெறிவதற்குச் சமம்.

விந்தை வடிவங்கள்

சில பிரெஞ்சுச் சட்டகங்கள் அளவுகளைத் தேடும் முன்பே தம் வடிவத்தால் கவனத்தை ஈர்க்கின்றன. 1885இல் எத்தியேன் மிமாரும் பியேர் பிளாஷோனும் கையேற்று வளர்த்த, பின்னாளில் மனுஃபிரான்ஸ் என்று வழங்கிய சான்-எத்தியேன் நிறுவனம், இரோந்தெல் என்ற பெயரில் விற்ற ரெத்ரோ-திரெக்த் வண்டி அவற்றுள் ஒன்று. அவ்வண்டியில் முன்னோக்கி மிதித்தால் ஒரு பற்சக்கரமும் பின்னோக்கி மிதித்தால் மற்றொரு பற்சக்கரமும் இயங்கும். இரு நிலையிலும் வண்டி முன்னோக்கியே செல்லும். மேட்டில் ஏறும்போது பின்னோக்கி மிதிப்பதால் எளிய வேகவிகிதம் கிடைத்தது. பின் சக்கரத்தில் இரண்டு ஃப்ரீவீல்கள் அடுத்தடுத்து அமைய, செயின் ஒன்றைச் சுற்றி, மிதியச்சுக் கூட்டின் அருகேயுள்ள துணை உருளை வழியாகத் திரும்பி மற்றொன்றைச் சுற்றியது. உறுப்புகள் யாவும் கழன்றுபோன சட்டகத்திலும் அத்துணை உருளைக்கான தாங்கி எஞ்சியிருந்தால் அதன் கதை தெரிந்துவிடும்.

லாபோர் என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனையான வண்டிகளில், மேற்குழாயின் கீழே பாலங்களின் தாங்குசட்டத்தைப் போன்ற அமைப்பைக் காணலாம். இருப்பினும் வளைவுத் தாங்கு கொண்ட சட்டகங்களை அமெரிக்காவில் ஐவர் ஜான்சன் நிறுவனமும் விற்றது. இரண்டையும் பிரிப்பதற்கு மீண்டும் மரையளவிடமே செல்ல வேண்டும். 1930களின் கமினார்ஜான் சட்டகமோ எதனுடனும் குழம்பாதது: எண்கோண வடிவிலான துராலுமின் குழாய்கள், அதாவது செம்பு கலந்து வலுவூட்டிய அலுமினியக் குழாய்கள், உலோக உறைகளில் செருகப்பட்டுத் திருகுகளால் இறுக்கப்பட்டன, பற்றவைப்பே அதில் இல்லை. அதே பத்தாண்டில் நிக்கோலா பாரா அலுமினியக் குழாய்களை நேரடியாக உருக்கி இணைத்துச் சட்டகம் செய்தார். 1979இல் வந்த வீட்டுஸ் 979, அலுமினியக் குழாய்களை உட்செருகி, வலிய பசையால் ஒட்டி ஆக்கியது. அயர்லாந்தின் வீரர் ஷான் கெல்லி அதில் பல போட்டிகளை வென்றார். எஃகைக் கண்டறிய காந்தமொன்று போதும். காந்தம் ஒட்டாத, கைக்கு எடையற்றுத் தோன்றும் பழைய சட்டகம் பிரான்சிலிருந்து வந்திருக்கும் வாய்ப்புக் கணிசமானது, ஏனெனில் அலுமினியச் சட்டகத்தில் அந்நாட்டின் ஆர்வம் மிகப் பழமையானது.

மேற்குழாய் உயரத்தில் குறுக்கிடாமல் இருப்பதற்காக, தலைக்குழாயிலிருந்து இரு மெல்லிய குழாய்கள் இருக்கைக் குழாயின் இருபுறமும் உரசிச் சென்று பின் அச்சுத் தகடு வரை ஓடும் மீக்ஸ்த் வடிவமும் பிரான்சில் பெரிதும் விரும்பப்பட்டது. புடைவையோ பாவாடையோ அணிந்தோர் ஏறுவதற்கான வண்டி என்று அதை ஒதுக்கிவிடுவது தவறு. உயர்தரக் குழாய்களால் ஆன மீக்ஸ்த் சட்டகங்களும் உண்டு, அவற்றின் சீட் பில்லர் அளவு அதை வெளிப்படுத்தும்.

ஆளுக்கேற்ற சட்டகம்

அடையாளம் காண்பதில் மிகக் கடினமானவையும் மிகுந்த மதிப்புடையவையும், பிரெஞ்சு மொழியில் கோன்ஸ்த்ருக்தெர் என்று அழைக்கப்படும் கைவினைஞர்கள் ஆக்கியவை. இவர்கள் சட்டகத்தை மட்டும் செய்து கொடுப்பவர்கள் அல்லர். மட்கார்டு, சுமைதாங்கி, விளக்கு, பிரேக், சில வேளைகளில் கிராங்கும் ஹேண்டில் பார் தண்டும் உட்பட முழு வண்டியையும் ஒரே திட்டமாக எண்ணி, ஒருவரின் உடலளவுக்கும் பயண வழக்கத்திற்கும் ஏற்ப ஆக்கினர். லெவல்வா-பெரேயில் ரெனே எர்ஸ், அதே ஊரில் 1938 முதல் அலெக்ஸ் சிங்கர், கிரெனோபிளில் ஜோ ரூத்தான்ஸ் ஆகியோர் இம்மரபின் முதன்மையான பெயர்கள். ரெனே எர்ஸின் மகள் லிலி எர்ஸ் பிரான்சின் மகளிர் சாலைப் போட்டிப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீளமுள்ள பாரிஸ்-பிரெஸ்த்-பாரிஸ் நெடும்பயணத்தில் இவ்வண்டிகள் தம் தகுதியை மெய்ப்பித்தன.

இத்தகைய சட்டகத்தைக் கண்டுகொள்ள உதவுவது அதன் மீது பற்றவைத்த சிறு தாங்கிகளின் மிகுதியும் ஒழுங்குமே. காற்றடிக்கும் பம்பைப் பிடிக்கும் முளை, விளக்கின் தாங்கி, டைனமோ பொருந்தும் இடம், மட்கார்டைப் பற்றும் மரையிட்ட குறுக்கிணைப்பு, விளக்குக் கம்பி குழாய்க்குள்ளேயே ஓடுவதற்கான நுண்ணிய துளைகள் ஆகியவை ஒரே சட்டகத்தில் கூடியிருந்தால், அது ஆலைத் தயாரிப்பாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆலையில் ஒவ்வொரு தாங்கியும் ஒரு செலவு. கைவினைஞரிடமோ ஒவ்வொரு தாங்கியும் ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கை. ஆகவே புரியாத தாங்கி ஒன்றைக் காணும்போது, அதை எதற்காக ஒருவர் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதே பொருத்தமான கேள்வி.

அச்சட்டகம் எந்தச் சக்கரத்திற்கானது என்பதும் அதில் எழுதப்பட்டே இருக்கும். பிரெஞ்சுச் சக்கர அளவில் 700, 650 என்னும் எண்கள் டயர் உட்பட உள்ள வெளிக் குறுக்களவை மில்லிமீட்டரில் ஏறத்தாழக் குறிக்கும். அதையடுத்து வரும் ஏ, பி, சி என்னும் எழுத்துகள் டயரின் பருமனைக் குறிக்கும். டயர் பருத்தால் அதே வெளியளவுக்கு வளையம் சிறுக்க வேண்டும் என்பதால், 700சி வளையத்தின் அளவு 622 மில்லிமீட்டராகவும் 650பி வளையத்தின் அளவு 584 மில்லிமீட்டராகவும் நிலைபெற்றன. கிளெர்மோன்-ஃபெரானின் மாஃபாக் நிறுவனத்தினுடையது போன்ற, ஃபோர்க்கின் இரு கால்களிலும் பற்றவைத்த முளைகளில் அமரும் பிரேக்குகள் அவ்வளையத்தின் உயரத்திற்கேற்பவே பொருத்தப்பட்டன. ஆகவே அச்சின் நடுவிலிருந்து முளைகள் வரை உள்ள தொலைவை அளந்தால், சக்கரம் தொலைந்துபோன சட்டகத்திலும் அதன் சக்கர அளவைக் கணிக்கலாம். 650பி அளவு உறுதியானால், பருத்த டயரில் கரடுமுரடான மலைச்சாலைகளைக் கடக்கும் நெடும்பயண வண்டி என்ற முடிவு வலுப்பெறும்.

பெயரை நெருங்குதல்

பின் தகடுகளுக்கிடையேயான இடைவெளி காலத்தைக் குறுக்க உதவும்: ஐந்து பற்சக்கரங்களின் காலத்தில் அது 120 மில்லிமீட்டர், ஆறு வந்தபின் 126 மில்லிமீட்டர், அவற்றிற்கு முந்தியவை இன்னும் குறுகல். எனினும் எஃகை வளைத்து விரிக்கலாம் என்பதால் இது தனித்து நிற்கும் சாட்சி ஆகாது. தலைக்குழாயில் முத்திரையைப் பிடித்திருந்த ஆணித் துளைகளின் எண்ணிக்கையும் அவற்றின் இடைவெளியும், பழைய விலைப்பட்டியல்களிலுள்ள முத்திரைகளோடு ஒப்பிடத்தக்கவை. மிதியச்சுக் கூட்டின் அடியிலோ இருக்கைக் குழாயின் அருகிலோ வெட்டப்பட்ட எண், ஒரே நிறுவனத்தின் பிற சட்டகங்களோடு வைத்துப் பார்க்கும்போது வரிசையில் ஓரிடத்தைக் காட்டும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண்முறை பிரான்சில் இருந்ததில்லை. 1893ஆம் ஆண்டின் சட்டத்தால் மிதிவண்டிக்கு விதிக்கப்பட்ட வரி 1950களின் இறுதிவரை நீடித்தது. வரி செலுத்தியதைக் காட்டும் சிறு உலோகத் தகடு சட்டகத்தோடு ஒட்டிக் கிடைத்தால், அவ்வண்டி அந்த ஆண்டில் சாலையில் இருந்தது உறுதி.

பெயரே கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. லாபோர், தொமான், ஆர்மோர் ஆகிய பெயர்கள் காலப்போக்கில் அல்சியோன் நிறுவனத்தின் கீழ் வந்தன. அல்சியோனோ பிற்பாடு பெஜோவின் வசம் சென்றது. லூயிசோன் போபே, ஜாக் அன்கெத்தில் போன்ற வெற்றி வீரர்களின் பெயர்களைத் தாங்கிய வண்டிகளை அவ்வீரர்கள் கையால் செய்யவில்லை. ஆலைகள் செய்து, பெயரை எழுதின. உள்ளூர்க் கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்ற சட்டகங்களும் ஏராளம். ஆகவே குழாயில் எழுதிய பெயர், சட்டகத்தை விற்றவரைக் காட்டலாம். ஆக்கியவரைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெயரற்ற சட்டகம் ஒன்றின் கூட்டில் 35 மில்லிமீட்டர் மரை, இருபுறமும் வலமரை. குழாய்கள் 26, 28, 28. சீட் பில்லர் 26.4, சிம்ப்ளெக்ஸ் தகடு, 650பி வளையத்திற்கான பிரேக் முளைகள், விளக்குக் கம்பிக்கான துளை, தகடுகளின் இடைவெளி 120 என்று கொள்வோம். இவற்றால், மெல்லிய உயர்தரக் குழாய்களைக் கொண்டு, இரவுப் பயணத்தையும் மலைப்பாதையையும் கருதி, ஏறத்தாழ 1950களிலோ 60களிலோ பிரான்சில் ஒரு கைவினைஞர் ஆக்கிய சுற்றுலா வண்டி என்ற முடிவை நம்பிக்கையுடன் எழுதலாம். அதற்கு மேல் எர்ஸ் என்றோ சிங்கர் என்றோ எழுத வேண்டுமானால், அக்கைவினைஞரின் உறுதிப்பட்ட சட்டகங்களோடு லக்கின் விளிம்பு, தாங்குகுழாய்களின் முனை, எண் வெட்டிய பாணி ஆகியவற்றை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். உறுதியானது, வாய்ப்புள்ளது, ஊகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதும் பழக்கம் இங்கே இன்றியமையாதது. விற்பனை ஆசையால் ஊகத்தை உறுதியாக மாற்றுவது, பின்வரும் ஒவ்வோர் ஒப்பீட்டையும் கெடுத்துவிடும்.

இக்காரணத்தால்தான் பழைய சட்டகத்தைப் பளபளப்பாக்கும் அவசரத்திற்கு முன் அதை வாசித்து முடிக்க வேண்டும் என்று இத்துறையினர் வலியுறுத்துகின்றனர். மணல் வீச்சால் பழைய வண்ணத்தை உரித்தால் கோடுகளும் ஒட்டெழுத்தின் நிழலும் போய்விடும். வேறு கிண்ணத்திற்காகக் கூட்டின் மரையைப் புதிதாக வெட்டினால் நாட்டின் அடையாளம் போய்விடும். பயனற்றதாகத் தோன்றும் தாங்கியை அறுத்தால் காலமும் நோக்கமும் போய்விடும். அளந்த எண்களையும் நெருங்கி எடுத்த படங்களையும் தாளில் பதிந்துவைத்த பின்னர், பிரெஞ்சு அளவிலான கிண்ணங்களையே தேடிப் பொருத்தினால் சட்டகம் பாதுகாப்பாக மீண்டும் ஓடும், அதன் சாட்சியமும் சிதையாது. பெயர் தெரிந்த புகழ்பெற்ற வண்டிகளுக்கு அருங்காட்சியகங்களில் இடம் கிடைத்துவிடுகிறது. பெயர் தெரியாத கைவினைஞர்களின் உழைப்புக்கோ அவர்கள் விட்டுச்சென்ற உலோகம் ஒன்றே ஆவணம். அதைப் பொறுமையாக அளந்து பதிவுசெய்யும் ஒவ்வொருவரும் அத்தொழிலின் வரலாற்றுக்கு ஒரு பக்கத்தைச் சேர்க்கின்றனர்.